அப்பா எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுதுவார்

எங்கள் வீட்டு மின்னஞ்சலுக்கு அத்தனை மோசடிக் கடிதங்கள் வந்து குவிந்ததற்கு ஒரே காரணம் அப்பாதான். இதை அவருக்கு முன்னாலேயே சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். அவர் மிஷன் பள்ளிக்கூடமொன்றின் கந்தோரில் வேலைக்காலம் முழுவதும் கிளாக்கராக இருந்தவர். அந்தக் கந்தோரில் ஒரு சட்டம் இருந்தது. வந்த கடிதம் எதுவானாலும் ஒரு கிழமைக்குள், ஏழு நாள் முடிய முன்னம், பதில் போக வேண்டும். மொட்டைக் கடிதத்துக்குக் கூட அப்பா பதில் எழுதுவாராம். அனுப்ப விலாசம் இல்லாததால் அதை ஒரு கோப்பில் போட்டு வைப்பாராம். இதை அவர் பெருமையாகச் சொல்வார்.

அவர் ஓய்வு பெற்று, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது போகட்டும் என்று டெப் என்கிற கையடக்கக் கணினி ஒன்று வாங்கிக் கொடுத்து மின்னஞ்சல் முகவரி ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். நான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் சோதிக்கிற வேலை. காலையில் நீர்வேலியிலிருந்து புறப்பட்டால் பின்னேரம்தான் திரும்புவேன். அதுவரை அவருக்குத் துணை அந்த டெப்தான்.

முதலில் வந்தது ஒரு விதவையின் கடிதம். சாகக் கிடக்கிறாளாம், பெருஞ்சொத்து இருக்கிறதாம், அதை அப்பாவிடம்தான் ஒப்படைக்க வேண்டுமாம். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் பதில் எழுதினார். நோய்க்கு அனுதாபம், சொத்து விஷயத்தை உங்கள் ஊர்ப் போதகரிடம் கலந்து பேசவும், அத்துடன் உங்கள் கடிதத்தில் இரண்டு இலக்கணப் பிழைகள், திருத்தி இணைத்திருக்கிறேன். பத்து நிமிஷத்தில் விதவையிடமிருந்து மறுமொழி வந்துவிட்டது.

"பாத்தியே பிள்ளை, உடனை பதில் போட்டிருக்கிறா. எவ்வளவு ஒழுங்கான மனுசி!"

உலகத்துக் கள்ளர்களுக்குள் இந்தச் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. ஒரு மாதத்துக்குள் செத்த தளபதிகளின் வழக்கறிஞர்கள், வங்கி முகாமையாளர்கள், லொத்தர் விழுந்தவர்கள், உடம்பு மெலிய மாத்திரை விற்பவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு எழுதினார்கள். அப்பா ஒருவரையும் விடவில்லை. ஆண்மைக்கு மருந்து விற்ற ஒருவனுக்கு அவர் எழுதியதை நானே கண்ணால் கண்டேன்: "தங்கள் மருந்து எனக்குத் தற்சமயம் தேவைப்படவில்லை. எனினும் விசாரித்தமைக்கு மிக்க நன்றி." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோவெடுத்தது. அப்பாவுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்றே விளங்கவில்லை.

குப்பைக் கடிதங்களைத் தானாகப் பிடித்து ஒதுக்கிவைக்கிற ஏற்பாடு மின்னஞ்சலிலேயே இருக்கிறதே, அது என்ன செய்தது என்று கேட்பீர்கள். அது ஒழுங்காகத்தான் பிடித்தது. அப்பா போய் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். "பாவம், அதுக்குள்ளை கிடக்குதுகள்" என்று சொல்லி, இது குப்பை அல்ல என்ற பொத்தானை அழுத்திவிடுவார். கடைசியில் அந்த ஏற்பாடும் வெறுத்துப்போய், விதவைகளும் தளபதிகளும் எங்கள் நெருங்கிய உறவுக்காரர் என்று முடிவு கட்டிவிட்டது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரு சனிக்கிழமை காலை டெப்பைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாமே சொற்களைக் கொடுத்து வடிகட்டி அமைக்கலாம். கொடுத்த சொல் இருக்கிற கடிதம் நேரே ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும். லொத்தர் என்று போட்டேன், நாற்பது கடிதம் பறந்தது. விதவை என்று போட்டேன், இன்னொரு கூட்டம் பறந்தது. எங்கள் சபையில் சன்னதம் ஆடுகிற வழக்கம் கிடையாது. ஆனால் அன்று எனக்கு வந்தது அதுதான். சொல்லுக்குமேல் சொல்லாகப் போட்டு வெட்டினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். விதவை, வழக்கறிஞர், வங்கிக்காரர் எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள்: 'கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமானவரே.' இதைச் சொல்லாமல் ஒரு கள்ளனும் வாயைத் திறப்பதில்லை. அதையும் தூக்கி வடிகட்டியில் போட்டேன். பெட்டி துடைத்து வைத்தது போல வெறுமையாகிவிட்டது. எழுந்து நின்று கைதட்டினேன்.

எங்களுக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேரும் கடிதத்தை அப்படித்தான் தொடங்குவார்கள் என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் படித்த வீடுகளில், தண்ணீர் மோட்டரை இரவல் கேட்டு எழுதினாலும் மேலே அந்த வரி இருக்கும்.

அப்பா வெறும் பெட்டியைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "உவங்களை விட்டால் எனக்கு எழுதுறவை ஆர், பிள்ளை?"

ஆனால் நான் விட்டுக் கொடுக்கவில்லை. ஸ்பாம் பெட்டியைத் திறந்து காட்டி, "உதுக்குள்ளை கிடக்கிறது எல்லாம் கள்ளர் அப்பா. ஒருத்தர் மிச்சமில்லாமல் கள்ளர். முப்பது நாளிலை தானாய் அழிஞ்சு போகும்" என்றேன். அவர் அதற்குக் கள்ளர் பெட்டி என்று பெயர் வைத்தார். கடிதங்கள் பதிலில்லாமல் அழிந்துபோகும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, கள்ளர் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பதில் எழுதிக்கொண்டு வந்து அனுமதி கேட்டார். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இப்படி வரும்:

"உமது கடிதம் கிடைத்தது. நீர் கேட்பது எங்களிடம் இல்லை. இருந்தாலும் உம்மைப் போன்றவருக்குத் தருவதாக இல்லை. உழைத்துச் சாப்பிடும். திருந்துவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்படிக்கு உண்மையுள்ள."

அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். "அனுப்புங்கோ அப்பா, நல்லா அனுப்புங்கோ" என்றேன். அனுமதி கொடுத்தவள் நான்தான். இதை மறைத்தால் கதை சரியாக வராது.

இந்த நேரத்தில்தான் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் விளைபொருட்களை முற்றத்தில் வைத்து ஏலம் போடுவார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த கப்பல் இனத்து வாழைக்குலை ஒன்றில் எனக்குக் கண். நான் கேட்கக் கேட்க, பின்னாலிருந்து ஒரு குரல் ஒவ்வொரு முறையும் என்னை விடக் கூட்டிக் கேட்டது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். காதில் பென்சில் செருகியிருந்த ஒரு மனிதர். ஆலயத்துக்கு வந்தும் அதை எடுக்க மறந்திருக்கிறார். குலை அவருக்கே விழுந்தது. தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு எத்தினை சீப்பு வேணும்?"

"முழுக்குலையும்" என்றேன்.

அவர் சிரித்தார். தோள், வயிறு, கை எல்லாம் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. குலையை அப்படியே என் ஸ்கூட்டியில் கட்டிவிட்டுப் போனார். கொடிகாமத்துக்காரர், சந்தையிலிருந்து முருங்கைக்காயும் மாங்காயும் லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிறவர், வயது நாற்பது, இன்னும் கலியாணம் ஆகவில்லை. அவரை அன்றைக்கு வரச்சொன்னதே தான்தான் என்று போதகரின் மனைவி பிறகு என் காதுக்குள் சொன்னார்.

எனக்கு முப்பத்தேழு வயது. அதற்குமுன் நான்கு சம்பந்தம் வந்து போயிருந்தது. இரண்டை நான் வேண்டாமென்றேன், இரண்டு பேர் என்னை வேண்டாமென்றார்கள். ஒன்றுக்கும் நான் அழுததில்லை. ஆனால் இந்த மனிதர் வேண்டும் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு பாடினேன். கூட வேலை செய்கிறவள், "என்னக்கா, கிருமி ஏதும் வடிவா இருக்குதோ?" என்று கேட்டாள்.

போதகர் வீட்டுக்கு வந்து சொன்னார். "அவருக்கு நல்ல விருப்பம். முறைப்படி அப்பாவுக்கு எழுதட்டும், அதுக்குப் பிறகு மற்றக் கதையைக் கதைப்பம். உங்கடை ஈமெயிலைக் குடுத்திருக்கிறன், இந்தக் கிழமை எழுதுவார்." எங்கள் ஆட்களிடம் இன்றைக்கும் அதுதான் வழக்கம். கடிதம் வரும்வரை தொலைபேசியில் கதைக்கக் கூடாது. அதைச் சொல்லிவிட்டுப் போதகர் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு மாத விடுமுறையில் இந்தியாவுக்குப் போய்விட்டார்.

ஒரு கிழமை போயிற்று. ஒவ்வொரு நாள் பின்னேரமும் கதவைத் திறக்கும்போதே கேட்பேன்.

"அப்பா, கடிதம் ஏதும் வந்ததே?"

"கள்ளரைத் தவிர ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

இரண்டாவது கிழமையும் போயிற்று. வாழைக்குலை பழுத்து, தின்று முடிந்து, தண்டையும் எறிந்துவிட்டோம். மூன்றாவது கிழமை எனக்கு ஆசையெல்லாம் கோபமாகிவிட்டது. நானாகத் தொலைபேசி எடுத்துக் கேட்பதா? எடுத்துக் கேட்க நானென்ன விலைபோகாமல் கிடந்துபோன மரக்கறியா? வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன. அப்பாவுக்குக் காரணம் தெரியும். பாத்திரங்களை எடுத்து அடுக்கி வைத்தார்.

அப்படி ஒரு பின்னேரம் டெப்பும் கையுமாக வந்தார். "ஒரு கள்ளன் பிள்ளை, நான் பதில் போட்ட பிறகும் விடுறானில்லை. இதோடை மூண்டாந்தரம். உவன் சரியான வெக்கங்கெட்டவன்."

ஆம்பிளைச் சாதி முழுவதிலும் எனக்கு ஆத்திரமாக இருந்த நேரம். டெப்பை வாங்கினேன். என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. மேலே இருந்த மூன்று புள்ளியை அழுத்தினேன், இந்த ஆளைத் தடைசெய் என்ற இடத்தை அழுத்தினேன். "இந்தாங்கோ. இனி உவன் எழுதிக் கிழிக்கட்டும்" என்றேன். மனம் கொஞ்சம் ஆறியது. தேத்தண்ணீர் நல்ல ருசியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா தொலைபேசி எடுத்தா. அம்மாவின் தங்கச்சி. 'வணக்கம்' கூடச் சொல்லவில்லை.

"கொப்பருக்கு என்ன விசரே? உழைச்சுச் சாப்பிடட்டாம் எண்டு எனக்கு எழுதியிருக்கிறார்! நான் இஞ்சை ரெண்டு வேலை செய்யிறன்! திருந்த இன்னும் காலம் இருக்காம்!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கதிரையில் இருக்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தேன். சின்னம்மாவும் கடிதத்தை அந்த வரியோடுதான் தொடங்குவா. பிறந்தநாள் வாழ்த்தானாலும், மகனைப் பற்றிய முறைப்பாடானாலும், முதல் வரி கிறிஸ்துவுக்குள் பிரியமானதுதான். அந்த வரி இருக்கிற எல்லாவற்றையும் நான்தானே கள்ளர் பெட்டிக்குள் அனுப்பினேன்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தொலைபேசியைப் பாயில் வைத்துவிட்டு டெப்பை எடுக்க ஓடினேன். சின்னம்மா பாயிலிருந்து தொடர்ந்து ஏசிக்கொண்டிருந்தா.

கள்ளர் பெட்டிக்குள் பாதி ஊர் இருந்தது. பாடகர் குழுவின் பயிற்சி நேரம், சபைக் கூட்ட அறிவித்தல், பெண்கள் சங்கத்தின் சமையல் பட்டியல். எல்லாவற்றுக்கும் அப்பா திருந்தச் சொல்லிப் பதில் போட்டிருந்தார். பாடகர் குழுவை நடத்துகிற பெண்மணி இரண்டு ஞாயிறாக என்னைக் கண்டும் காணாமலும் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவற்றுக்கு நடுவில் கொடிகாமத்துக்காரருடைய பெயர். ஒன்றல்ல, மூன்று.

முதற்கடிதம் நல்ல மிஷன் ஆங்கிலத்தில், அந்த வரியோடு தொடங்கி, மகளைக் கேட்டு மிகுந்த மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. அப்பா பதில் போட்டிருந்தார். இரண்டாவது: "ஐயாவின் கண்டிப்பை மதிக்கிறேன். ஆனால் பதினெட்டு வயதிலிருந்து நான் உழைத்துத்தான் சாப்பிடுகிறேன். சந்தையில் யாரையும் விசாரிக்கலாம்." அதற்கும் அதே பதில். மூன்றாவது இரண்டே வரி. "மகளுடைய மனமும் இதுதானா என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். அப்படியென்றால் இனி எழுத மாட்டேன்."

அதைத்தான் நான் தடைசெய்தேன். என் கையாலேயே, தேத்தண்ணீர் குடிக்க முன்னம். நான் தடைசெய்த பிறகு, கந்தோர்ச் சட்டத்தை மீறாமல், அப்பா அதற்கும் பதில் போட்டிருந்தார். நீர் கேட்பது இருந்தாலும் உம்மைப் போன்றவருக்குத் தருவதாக இல்லை.

"அப்பா!" நான் கத்தியதில் பக்கத்துத் தோட்டத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஆர் எழுதினது எண்டு பேரைக்கூடப் பாக்கேல்லையே?"

"பேரைப் பாத்தால் இரக்கம் வந்திடும் எண்டு பாக்கிறேல்லை, பிள்ளை. உதுக்குள்ளை கிடக்கிறது எல்லாம் கள்ளர் எண்டு நீதானே சொன்னனீ." பிறகு அவரே வாசித்தார். மூன்றையும் வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுதினது பிழை. எழுதினவன்தான் போய்ச் சொல்ல வேணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார்.

புத்தூரால் போய் மீசாலையில் ஏறுகிற தெருவில் அன்று என் ஸ்கூட்டி ஓடிய வேகத்துக்கு ஒருத்தரும் என்னைப் பிடிக்காதது கர்த்தருடைய கிருபை. இருபக்கமும் கடல்நீர் மினுங்கியது. அப்பா பின்னால் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்றார். எனக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஒருவர் என்னை மூன்று தரம் கேட்டிருக்கிறார் என்ற நினைப்பில் சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. சிரித்தேன். அப்பா என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கொடிகாமம் சந்தையில் அவர் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே நின்று லொறிக்கு எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனால் மரியாதை தவறவில்லை. "வாங்கோ அங்கிள்" என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். என் பக்கம் பார்க்கவேயில்லை.

அப்பா அதில் உட்காரவில்லை. "தம்பி, நான் உம்மைக் கள்ளன் எண்டு நினைச்சு எழுதிப்போட்டன்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அப்பாவிலை பிழையில்லை" என்று நான் குறுக்கே விழுந்தேன். வடிகட்டி, விதவை, தளபதி, அந்த முதல் வரி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "மூண்டாவது கடிதத்தோடை உங்களைத் தடைசெய்தது நான்தான். ஆரெண்டு பாக்காமல் செய்தனான்."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அப்ப ஒண்டையும் ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

"இண்டைக்குத்தான் வாசிச்சனான். மூண்டாவதை நாலு தரம் வாசிச்சன்."

"அந்த முதல் வரியை நான் இன்ரநெற்றிலை பாத்துத்தான் எழுதினனான்" என்றார். அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு மறுபடியும் நிதானமாகிவிட்டார். "மூண்டாவதிலை ஒரு கேள்வி இருந்தது."

"இருந்தது" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்குரிய பதிலை ஒரு கிழமைக்குள்ளை எழுத்திலை..."

"அப்பா!"

"கேள்வி எனக்கெல்லோ எழுதினது, பிள்ளை?"

"பதில் என்னட்டையெல்லோ இருக்கு!" என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். சந்தை இரைச்சலில் கேட்காமல் போய்விடுமோ என்று, ஏலத்தில் கேட்பது போலத் தொண்டை கிழியச் சொன்னேன். "ஓம்! வாழைக்குலை கட்டின நாளிலையிருந்து என்ரை மனம் ஓம் எண்டுதான் சொல்லுது!"

லொறிக்கு மேல் நின்றவன் முருங்கைக்காய்க் கட்டைக் கீழே விட்டுவிட்டான். தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிசி ஒருத்தி கைதட்டினா. அவர் சிரித்தார், தோளும் வயிறும் கையும் சேர்ந்து. நானும் சிரித்தேன், கண்ணீர் ஒரு பக்கம் ஓட ஓட.

அப்பா மட்டும் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். "அப்ப நான் இனி என்னத்தை எழுதிறது?" என்று கேட்டார்.

அவர் அப்பாவின் கையைப் பிடித்தார். "எழுதுங்கோ அங்கிள். உங்களிட்டை மூண்டு ஏச்சுக் கடிதம் வாங்கி வைச்சிருக்கிறன். ஒரு நல்ல கடிதம் எனக்கு வரத்தானே வேணும்."

அதன் பிறகுதான் அப்பா கதிரையில் உட்கார்ந்தார்.